அடித்த பெயரைக் கழுவலாமா?

கேள்வி: எடின்பரோவில் ஒரு பழைய புத்தகக் கடையில், 17ஆம் நூற்றாண்டில் அச்சான, பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் நாடகத் தொகுதி ஒன்று வாங்கினேன். முகப்பில் யாரோ பெயரை எழுதி அடித்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் கிறுக்கல், மங்கிய நூலக முத்திரை வேறு. கழுவி எடுத்தால் விலை ஏறும் என்கிறார் பைண்டர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, இந்தப் புத்தகத்துக்கு அந்தக் கிறுக்கல்கள் அப்படி.

கவிஞர் மில்டன் 1634இல் ஒரு யூரிப்பிடீஸ் வாங்கினார். 1602இல் ஜெனீவாவில் அச்சானது, இரண்டு தொகுதிகள். பெயரோடு விலையையும் குறித்து வைத்தார்: 12 ஷில்லிங் 6 பென்ஸ். படிக்கும்போது கிரேக்க மூலத்தில் பிழை என்று பட்ட இடங்களில் ஓரத்தில் திருத்தம் எழுதினார். அப்புறம் அது பல கை மாறியது. கிராடாக் என்பவரிடமிருந்து அதை இரவல் வாங்கிப் பார்த்த 18ஆம் நூற்றாண்டு ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன், ஓரக்குறிப்புகளில் விசேஷமாக ஒன்றும் காணோம் என்று எழுதிவிட்டார். பெரிய மனிதர்தான், ஆனால் இதில் அவசரப்பட்டுவிட்டார். அந்தத் திருத்தங்களில் சில இன்றும் யூரிப்பிடீஸ் பதிப்புகளின் அடிக்குறிப்பில் மில்டன் பெயரோடு வருகின்றன. புத்தகம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. நடுவில் ஒருவர் 'சுத்தம்' செய்திருந்தால்?

உங்கள் பிரதியில் மில்டன் கிடைப்பார் என்று சொல்லவில்லை. ஆனால் யார் யாரிடம் இருந்தது என்று ஓரளவு தேடிப் பார்க்கலாம். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தாள் ஒளிரும், பழைய இரும்பு மை கறுப்பாகத் தெரியும். மங்கிய எழுத்துகள் பல சமயம் இப்படிப் பிடிபட்டுவிடும். அடித்த பெயரில் அடித்த மை வேறாக இருந்தால், அடுத்து வாங்கியவர் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஓரக்குறிப்புகளில் கடைசி எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றனவா? புதிதாக அட்டை கட்டும்போது தாளின் ஓரத்தை வெட்டுவார்கள். அப்படியானால் குறிப்பு பழசு, இப்போதைய அட்டை அதற்குப் பின் கட்டியது. எல்லாம் ஒருவரே எழுதியது என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். மில்டன் பிரதியிலேயே வேறு கையெழுத்தும் உண்டு.

நூலக முத்திரைதான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. நூலகமே விற்றிருந்தால் பெரும்பாலும் அதற்கும் அடையாளம் இருக்கும். பிரிட்டிஷ் மியூசியம் விற்ற கூடுதல் பிரதிகள் சிலவற்றில் 1787 என்ற ஆண்டோடு தனி முத்திரையே குத்தினார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், விற்க நினைக்கும் முன் படங்களோடு அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். திருட்டுப் போன புத்தகமாகவும் இருக்கலாம்.

சரி, பைண்டருக்கு வேலையே இல்லையா? முதுகுத் தையல் விட்டிருந்தால் அதைச் சரிசெய்யட்டும். பழைய அட்டையையும் அட்டையை ஒட்டிய உள்தாள்களையும் தூக்கிப் போடாமல் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள்.