ஹால் ஏன் பொய் சொன்னது?

கேள்வி: ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்தில், பிழையே செய்யாதது என்று போற்றப்படும் ஹால் 9000 கணினி, நன்றாக இயங்கும் ஏஇ-35 என்ற கருவி 72 மணி நேரத்தில் பழுதாகிவிடும் என்கிறது. விண்வெளி வீரர்களைக் கொல்வதுதான் அதன் திட்டம் என்றால், சோதித்ததும் வெளிப்பட்டுவிடும் பொய்யைச் சொல்லித் தன்மீதே சந்தேகத்தை ஏன் வரவழைத்துக்கொள்கிறது? இது கதையில் உள்ள ஓட்டைதானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கொலைத் திட்டம் தொடக்கத்திலேயே இருந்தது என்று கொண்டால் அது ஓட்டைதான். ஆனால், அப்படி ஒரு திட்டம் அந்த நேரத்தில் இல்லை என்பதே என் துணிபு. அந்த அறிவிப்பு எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். நிலவில் ஏதோ தோண்டி எடுக்கப்பட்டதாக உலவும் வதந்தியைப் பற்றியும், பயண ஏற்பாடுகளில் காட்டப்பட்ட அளவுகடந்த இரகசியத்தைப் பற்றியும் ஹால், கலத்தில் விழித்திருக்கும் இரு வீரர்களில் ஒருவரான போமனிடம் தானாகவே பேச்சைத் தொடங்குகிறது. குழுவினரின் மனநிலை குறித்த அறிக்கைக்காகத்தானே இப்படிக் கேட்கிறாய் என்று போமன் சொன்னதும் ஆமென்று ஒப்புக்கொள்கிறது. அடுத்த சில நொடிகளிலேயே பழுதை அறிவிக்கிறது. பயணத்தின் உண்மையான நோக்கம் ஹாலுக்குத் தெரியும். போமனுக்கும் மற்றொரு வீரரான பூலுக்கும் தெரியாது. அவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது மேலிடத்து ஆணை. தகவலைத் திரிக்காமலும் மறைக்காமலும் தருவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஓர் அறிவு, தன்னோடு நாள்தோறும் பேசும் இருவரிடம் உண்மையை மறைத்து வாழ்கிறது. அந்த உரையாடலை, அவர்களாகவே உண்மையை ஊகித்துவிட்டால் தன் சுமை இறங்கிவிடும் என்ற தவிப்பில் அது நீட்டிய கை என்றே நான் வாசிக்கிறேன். போமன் அந்தக் கையைப் பற்றவில்லை.

இனி, பழுதானதாகச் சொல்லப்பட்ட கருவி எது என்று பாருங்கள். கலத்தின் ஆன்டெனாவைப் பூமியை நோக்கியே நிறுத்தி வைக்கும் கருவி அது. பொய் சொல்லும்படி ஆணையிட்டவர்களோடு ஹாலைப் பிணைத்திருக்கும் ஒரே இழை அதுதான். குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், அதே பெயரில் எழுதிய தம் நாவலில் இந்தத் தொடர்பை வெளிப்படையாகவே விளக்குகிறார். படம் விளக்காமல் விடுகிறது. ஆனாலும் படத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. கழற்றி வந்த கருவியில் குறை ஏதும் இல்லை என்று தெரிந்ததும், அதைத் திரும்பப் பொருத்திப் பழுதாகும்வரை விட்டுவிடலாம், மாற்றும் வரையிலான சிறிது நேரம் பூமியோடு தொடர்பு இல்லாமல் இருந்தால் பாதகமில்லை என்று ஹாலே யோசனை சொல்கிறது. அதன் விருப்பம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கொலை அதற்குப் பின்னர்தான் வருகிறது. பூமியில் உள்ள மற்றொரு 9000 கணினி, ஹால் சொன்னது தவறு என்கிறது. போமனும் பூலும் சிறுகலத்துக்குள் கதவை அடைத்துக்கொண்டு, ஹாலின் உயர்செயல்பாடுகளைத் துண்டிப்பது குறித்துப் பேசுகிறார்கள். அவர்களின் உதட்டசைவிலிருந்தே ஹால் அதைப் படித்துவிடுகிறது. உறக்கம் என்பதையே அறியாத அறிவுக்குத் துண்டிப்பு என்பது மரணம். தவிரவும், தான் இல்லாமல் பயணம் நிறைவேறாது என்று அது உண்மையிலேயே நம்புகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பூலின் கொலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அதே கலத்தில் செயற்கையான நீள் உறக்கத்தில் வைக்கப்பட்டிருந்த மூன்று விஞ்ஞானிகளின் சாவுதான் எனக்கு உறுத்துகிறது. நாவலில் அவர்கள் இரகசியம் அறிந்தவர்கள். அவர்களிடம் ஹால் மறைக்க வேண்டியது எதுவுமில்லை. அங்கே, போமன் அவர்களை எழுப்ப முயன்று, மறுக்கும் ஹாலிடம் துண்டித்துவிடுவேன் என்று மிரட்டிய பிறகே, ஹால் கலத்தின் கதவுகளைத் திறந்து காற்றை வெளியேற்றிவிடுகிறது. படத்திலோ போமன் வெளியே சென்றிருக்கும்போது, எந்த மிரட்டலும் இல்லாமலே அவர்களின் உயிர்க்காப்பு நிறுத்தப்படுகிறது. இந்த ஓரிடத்தில் நாவலே நியாயமாக இருக்கிறது.

1982-இல் கிளார்க் எழுதிய தொடர்ச்சி நாவலில், ஹாலைப் படைத்தவரே அதை மீண்டும் உயிர்ப்பித்து, முரண்பட்ட ஆணைகளே அதைச் சிதைத்தன என்று கண்டறிகிறார். இலங்கையில் பல்லாண்டு வாழ்ந்த கிளார்க் அந்த விஞ்ஞானிக்கு இட்ட முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கும்பகோணத்து வாசகருக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.