மூன்று ஆட்டத்துக்காகப் பதின்மூன்று வருடமா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஒருவர் 13 வருடம் கீழ்மட்டப் போட்டியான மைனர் லீகிலேயே ஆடிவிட்டு, உச்ச மட்டமான மேஜர் லீகில் மூன்றே ஆட்டம் ஆடினாராம். அத்தனை வருடமும் வீண்தானே?

பதில்: நீங்கள் சொல்வது ட்ரூ மேகியை. வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2010-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற மேஜர் லீக் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், ட்வின்ஸ், ஃபில்லீஸ் என்று அணி மாறி அணி, எல்லாம் அவற்றின் மைனர் லீக் கிளை அணிகளில். மொத்தம் 1,155 ஆட்டங்கள். சம்பளத்தையும் பாருங்கள். 2023-இல் டபுள்-ஏ (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள மைனர் லீக் மட்டம்) வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 30,250 டாலர். மேஜர் லீகில் 7,20,000. அந்த 30,250-கூட அந்த வருடம்தான் உயர்த்திக் கொடுத்தது. 2021-இல் ட்வின்ஸ் அணி மேஜர் லீகுக்குக் கூப்பிட்டு, ஒரு பந்துகூட ஆட விடாமல் திருப்பி அனுப்பியதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

2023 ஏப்ரலில் ஆல்டூனா என்ற ஊரில், பைரேட்ஸின் டபுள்-ஏ அணியில் இருந்தார். வயது 33. பைரேட்ஸ் வீரர் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்காக விடுப்பில் போக, இவருக்கு அழைப்பு வந்தது. ஏப்ரல் 26, டாட்ஜர்ஸுடன் ஆட்டம். பிட்ஸ்பர்க் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆண்ட்ரூ மெக்கட்சனுக்குப் பதிலாக, எட்டாவது இன்னிங்ஸில் மட்டையோடு இறங்கினார். அரங்கமே எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கண் கலங்குகிறது.

அவுட்தான் ஆனார், மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஸ்ட்ரைக் அவுட். ஆனால் அந்தக் கைதட்டல் ரன்னுக்காக விழுந்ததில்லையே! ஒரு மனுஷன் விடாமல் வந்து நின்றதற்காக விழுந்தது. மூன்று நாள் கழித்து வாஷிங்டனில், ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதில், மேஜர் லீகில் தன் முதல் ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டுவது) அடித்தார். அடுத்த சில நாளில் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மூன்று ஆட்டம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 1,155 ஆட்டத்தையும் அவர் காத்திருந்த நேரமாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மழையிலும் வெயிலிலும், சின்ன ஊர் மைதானங்களில், காசு கொடுத்து வந்து உட்கார்ந்தவர்கள் முன்னால் அவர் ஆடினார். அதுவும் பேஸ்பால்தான்.