அம்மாவுக்கு முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. சிமெண்ட் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

74 வயது, குளியலறையில் வழுக்கி உட்கார்ந்ததில் டி12 எலும்பு (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் கடைசி) நசுங்கிவிட்டது, இரண்டு வாரமாகப் படுக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி இயக்குபவன். பக்கத்தில் நின்று பார்த்ததையும் கொஞ்சம் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதுகைக் கிழிக்க மாட்டார்கள். குப்புறப் படுக்கவைத்து, பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் கொடுத்து, திரையைப் பார்த்தபடி எலும்புக்குள் ஊசியை இறக்குவார்கள். நசுங்கிய எலும்பை இறுக்கிப் பிடிக்கும் சிமெண்டை அப்படியே செலுத்தினால் வெர்டிப்ரோபிளாஸ்டி. 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கியது. முதலில் உள்ளே பலூனை ஊதி எலும்பைச் சற்று நிமிர்த்திவிட்டு நிரப்பினால் கைஃபோபிளாஸ்டி. பலூன் வந்தால் பில்லும் ஏறும்.

பொடியையும் திரவத்தையும் கலந்ததும் சிமெண்ட் தண்ணியாக இருக்கும். பற்பசைப் பதம் வரும்வரை பொறுப்பார்கள். அவசரப்பட்டால் ரத்தக்குழாய்க்குள் புகுந்து நுரையீரல்வரை போகலாம். தண்டுவடப் பக்கம் கசிந்தால் கால் பாதிக்கலாம். அதனால் கொஞ்சம் தள்ளுவதும், நான் பெடலை மிதித்துப் படம் காட்டுவதுமாகப் போகும். பக்கவாட்டுப் படத்தில் அந்தக் கறுப்பு நிழல் எலும்பின் பின்சுவரை நெருங்கினால் டாக்டர் கையை எடுத்துவிடுவார். மிச்சச் சிமெண்டை ஒருவர் கையுறையோடு உருட்டிக்கொண்டே இருப்பார். அது சூடாகி இறுகியபிறகுதான் ஊசியை உருவுவார்கள்.

சரி, பலன்? இதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த இரண்டு ஆய்வுகளில் ஒரு சாராருக்குச் சிமெண்ட் வைப்பதுபோல பாவனை மட்டும் செய்தார்கள். வலி இரண்டு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. உடைந்து 6 வாரத்துக்குள் கடும் வலியில் இருந்தவர்களுக்கு நல்ல பலன் என்றது 2016இல் லான்செட்டில் வந்த ஆய்வு. பலருக்கு மாத்திரை, பெல்ட், மெல்ல நடமாட்டம் இவற்றிலேயே சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

அதனால் என் கருத்து: மாத்திரை போட்டு அம்மா எழுந்து நடக்க முடிகிறது என்றால் பொறுங்கள். திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை, எம்ஆர்ஐயில் அந்த எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது, அதாவது உடைவு புதுசு என்றால் செய்துகொள்ளலாம். ஆறிப்போன பழைய உடைவுக்குச் செய்வது வீண். காசநோயோ புற்றுநோயோ இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கிருமித் தொற்று இருந்தால் சிமெண்ட் வைக்கவே கூடாது. கால் மரத்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், அது வேறு கதை.

இன்னொன்று. வழுக்கி உட்கார்ந்ததற்கே எலும்பு நசுங்குகிறது என்றால் எலும்பே மெலிந்திருக்கிறது. சிமெண்ட் அந்த ஒரு எலும்புக்குத்தான். வலி போனதும் பலர் எலும்பு மெலிவுக்கான மருந்துப் பக்கமே திரும்புவதில்லை. அப்புறம் அடுத்த எலும்பு நசுங்கி வருகிறார்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி அளவு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மெலிவுக்கு வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி அம்மாவின் சிறுநீரகத்துக்கு ஒத்துவருமா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள்.