பக்கத் தையலில் விட்டு வைத்த துணி

கேள்வி: எனக்கு 47 வயது. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். இடது மார்பில், அக்குள் பக்கமாக 3 சென்டிமீட்டரில் ஒரே ஒரு கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. முழு மார்பையும் எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் எனக்குச் சிறிய மார்பு என்பதால் பள்ளம் விழுமாம். விலாப்பக்கத்துச் சதையைத் திருப்பி அதை நிரப்பிவிடலாம் என்கிறார். "இந்த வயசுல அழகு எதுக்கு? மொத்தமா எடுத்துட்டா தொல்லை விட்டது" என்கிறார் மாமியார். எது சரி? வைத்த சதையில் மறுபடி புற்று வருமா? மிஷின் மிதிக்க முடியுமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: மாமியாரின் பேச்சை முதலில் பார்த்துவிடுவோம். அவர் பயத்தில் சொல்கிறார். என் அறைக்கு வரும் குடும்பங்களில் பாதி அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் மொத்தமாக எடுத்தால் ஆயுள் கூடும் என்பது உண்மையில்லை. வட அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், 4 சென்டிமீட்டர் வரை கட்டி இருந்த 1,851 பெண்களை 20 ஆண்டுகள் பார்த்தார்கள். முழு மார்பை எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வைத்துக்கொண்டவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். அதே ஆய்வில், கட்டியை எடுத்துவிட்டு ரேடியேஷன் வைக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. வைத்தவர்களில் 14 சதவீதம். நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்று பயப்படுவார்களே, அதுதான் இந்த ரேடியேஷன். அதற்கு உங்களால் தினமும் போய்வர முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். அப்போது மாமியார் சொல்வதே உங்களுக்குப் பொருத்தமாகிவிடும்.

சரி, பள்ளத்துக்கு வருவோம். உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரவிக்கை தைக்கும்போது பக்கத் தையலில் ஓரிரண்டு இன்ச் துணியை உள்ளே விட்டுத்தானே தைக்கிறீர்கள், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள? உடம்பிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே, பிரா பட்டிக்கு மேலே பிதுங்கி நிற்கும் சதை. அந்தத் தோலுக்கும் கொழுப்புக்கும் விலா எலும்புகளின் இடுக்கிலிருந்து நூல் மாதிரி ஒரு ரத்தக்குழாய் வருகிறது. அதை அறுக்காமல், சதையை அந்தக் குழாயோடு ஒட்டியபடியே திருப்பிப் பள்ளத்துக்குள் வைப்பார்கள். மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளே புதைப்பதால், வெளியே ஒட்டுப்போட்டது மாதிரி தெரியாது. கட்டி அக்குள் பக்கம் இருப்பது உங்களுக்கு வசதி. நடு நெஞ்சுப் பக்கம் இருந்திருந்தால் இந்தச் சதை அவ்வளவு தூரம் எட்டாது.

முன்பெல்லாம் இதற்கு முதுகுத் தசையையே கொண்டுவருவோம். இன்றைக்கும் பெரிய பள்ளத்துக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் தசை போனால் கையின் இழுவிசை கொஞ்சம் குறையும். உங்களுக்குச் சொல்லியிருக்கும் முறையில் தசையைத் தொடுவதில்லை. தையல்காரருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் உங்களை நிற்க வைத்து, மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். பிறகு டாப்ளர் என்ற குச்சி போன்ற கருவியை விலாவில் வைத்துத் தேடுவார்கள். குழாயின் மேல் பட்டதும் 'உஸ்... உஸ்...' என்று கேட்கும். அங்கே ஒரு புள்ளி. "விசில் வர்றதுக்கு முன்னாடி குக்கர் இப்படித்தான் டாக்டர் மூச்சு விடும்" என்றார் என்னிடம் வந்த ஒரு பாட்டி. அன்றைக்கு நீங்கள் வழக்கமாகப் போடும் பிராவையும் ரவிக்கையையும் எடுத்துப் போங்கள். தழும்பு அதற்குள் மறைகிற மாதிரி கோட்டை இறக்கி வரையச் சொல்லலாம். நீளமான தழும்புதான், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "கட்டியைச் சுற்றி ஓரம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே நிரப்புவீர்கள்?" சிலர் ஆபரேஷன் நடக்கும்போதே ஓரத்தைச் சோதிக்க அனுப்புவார்கள். சிலர் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் இரண்டாவது முறையாக நிரப்புவார்கள். இரண்டும் சரிதான். ஓரத்தில் புற்று மிச்சமிருக்க, அதன் மேல் சதையை வைத்து மூடுவதுதான் கூடாது.

வைத்த சதை விலாவின் தோலும் கொழுப்பும்தான், மார்புத் திசு இல்லை. அதனால் மார்பகப் புற்று அதிலிருந்து புதிதாகக் கிளம்பாது. மிச்சமுள்ள உங்கள் சொந்த மார்பில் திரும்ப வரலாம், ஆகவே வருஷா வருஷம் மம்மோகிராம் உண்டு. சில சமயம் வைத்த கொழுப்பில் கொஞ்சம் செத்துப்போய், கல் மாதிரி கையில் தட்டுப்படும். பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் தடவிப் பார்த்து நீங்களே முடிவு செய்யாமல் ஸ்கேன் எடுங்கள்.

சர்க்கரை இருந்தால் இப்போதே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புண் ஆறத் தாமதமானால் ரேடியேஷனும் தள்ளிப்போகும். மிஷினை மிதிக்கிற கால்களுக்கு ஒரு குறையும் வராது! துணியைப் பிடித்துத் தள்ளும் இடது கைதான் கேள்வி. சொல்லித்தரும் தோள் பயிற்சிகளை விடாமல் செய்தால், ஒன்றரை மாத வாக்கில் மெல்ல உட்கார்ந்து பார்க்கலாம். தீபாவளி ஆர்டரை மட்டும் இந்த வருஷம் எடுக்காதீர்கள்.

அழகு எதுக்கு என்ற கேள்விக்கு நான் பதில் பாக்கி வைத்திருக்கிறேன். பல வருஷம் முன்பு, என்னிடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் ஆசிரியைக்குப் பள்ளம் விழும் என்பதையே நான் சொல்லவில்லை. கட்டி போனதே, அது போதும் என்று நினைத்தேன். மூன்றாவது செக்கப்பில் அவர் ரவிக்கையைக் கழற்றியபோது, நாலாக மடித்த கைக்குட்டை ஒன்று மேஜையில் விழுந்தது. அவர் அதைச் சட்டென்று எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். நானும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆபரேஷனுக்கு முன்பே எல்லோரிடமும் இதைப் பேசிவிடுகிறேன்.

கேள்வி: கட்டி எடுத்து, ரேடியேஷனும் முடிந்து நான்கு வருஷம் ஆகிறது. பள்ளம் அப்படியே இருக்கிறது. இப்போது நிரப்ப முடியுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: முடியும். முதலிலேயே செய்வதை விடக் கொஞ்சம் சிக்கல், அவ்வளவுதான். ரேடியேஷன் பட்ட தோல் இறுகியிருக்கும், ரத்த ஓட்டமும் குறைவு. அந்த மார்பையே வெட்டி நகர்த்தித் தைத்தால் சரியாக ஆறாமல் போகலாம். அதனால் ரேடியேஷன் படாத இடத்திலிருந்து, முதுகிலிருந்தோ விலாவிலிருந்தோ, சதையைக் கொண்டுவருவார்கள். பள்ளம் சின்னது என்றால் வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சி ஊசியால் நிரப்பலாம். அதில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று முறை போக வேண்டிவரும். பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கும் முன் புது மம்மோகிராம் ஒன்று எடுத்துவிடுங்கள். பழைய ஆபரேஷன் குறிப்பையும் தேடி எடுத்துப் போங்கள். அக்குளில் எந்த ரத்தக்குழாயை அப்போது கட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும்.