அந்த அறைக்குள் போகாதீர்கள்

வணக்கம். வள்ளலார் வாழ்க்கையைக் கவிதை நடையில் நாவலாக எழுதிக்கொண்டு வந்து, கடைசி இரவில் நின்றுவிட்டதாகச் சொல்கிறீர்கள். 1874 ஜனவரி 30, மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒளியில் கலந்துவிட்டார் என்பார்களே, அப்போது உள்ளே நடந்ததை எப்படி எழுதுவது என்பதுதானே கேள்வி?

கடலூர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன், உள்ளே போகாதீர்கள். சுடர், ஒளி, வெளி என்று என்ன சொல் போட்டாலும் அவருடைய பாட்டுக்குப் பக்கத்தில் நம் வரி நிற்காது.

அதற்குப் பதிலாக வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போட அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்புக்கு வாருங்கள். 1867 மே 23-இல் அவர் மூட்டியது. 21 அடி நீளம். இன்றுவரை அணையவில்லை. அப்படியானால் அவர் கதவைச் சாத்திய மறுநாள் விடிகாலையிலும் யாரோ ஒருவர் அதில் உலை வைத்திருக்கிறார், இல்லையா? அரிசி அளந்த அந்தக் கை நடுங்கியதா? அவருக்கும் சேர்த்து ஒரு பிடி போட்டதா? புகையில் கரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே, பசியோடு வந்தவருக்கு என்ன பதில் சொன்னது? உங்கள் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.

கருங்குழியில் தண்ணீரில் விளக்கு எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும், இரண்டு வரி போதும். சமைப்பவரைக் கற்பனையாகப் படைக்கலாம், தப்பில்லை. ஆனால் வள்ளலார் வாயில் புதிய உபதேசம் எதையும் வைக்காதீர்கள். அதை மட்டும் படிப்பவர்கள் ஏற்கமாட்டார்கள், எனக்கும் மனசு ஒப்பாது.

அப்புறம், எழுதுவதற்கு முன் ஒரு நாள் நேரில் வாருங்கள். கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக வடலூருக்குப் பஸ் உண்டு. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.