பழைய வீட்டில் கலைக்கூடம்

கேள்வி: காரைக்குடி அருகே பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீட்டை எங்கள் கலை அறக்கட்டளைக்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறோம். பரத வகுப்பும் மாதக் கச்சேரியும் நடத்த எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பத்திரம். இந்த வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் கையெழுத்து போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம்.

கச்சேரிக்கு வீட்டின் விசேஷக் கூடமான கல்யாணக் கொட்டகை பொருந்தும். தரையில் அமர ஆளுக்கு 8 சதுர அடி வையுங்கள்; 100 பேருக்கு 800, மேடை தனி. வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும். பின்சுவரில் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை, தரையில் ஜமுக்காளம் போதும். திரையை உத்திரத்திலிருந்து தொங்கவிடுங்கள். அந்தப் பூச்சில் ஆணி அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்காது.

ஆத்தங்குடிக் கல்லில் நேரடியாகக் காலைத் தட்டி ஆடினால் முழங்காலுக்குக் கேடு. அடியில் ரப்பர் துண்டு ஒட்டிய மரச்சட்டங்களை அடிக்கு ஒன்றாகப் பரப்பி, மேலே 18 மி.மீ. ஒட்டுப்பலகை திருகுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள்.

ஓதமேறிய சுவரில் மட்டும் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சும் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புக் காரைதான் சரி.