கோர்ட்டு மாடியில, விரிசல் கீழ் ரூம்ல

கேள்வி: அமெரிக்காவுல ஊருக்கு நடுவுல பெருசா கவுன்ட்டி கோர்ட்ஹவுஸ்னு ஒண்ணு இருக்கே, அத்தனை ரூமும் கேஸ் விசாரிக்கத்தானா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: இல்லம்மா, கேஸுக்கு ஒரு ஹால் போதும். மீதியெல்லாம் அந்த கவுன்ட்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்தான். டென்னசி மாநிலத்துல கவுன்ட்டி கிளார்க்குன்னா கல்யாண லைசென்ஸ் குடுக்கிறவர், ரிஜிஸ்டர்னா பத்திரம் பதியிறவர், டிரஸ்டின்னதும் கோயில் தர்மகர்த்தான்னு நினைச்சுடாதீங்க, அவர் சொத்து வரி வசூல் பண்றவர்!

அதே மாநிலத்துல டேட்டன்னு ஒரு சின்ன ஊர், அங்க 1891ல கட்டின ரியா கவுன்ட்டி கோர்ட்ஹவுஸ் இருக்கு. செங்கல் கட்டடம். கோர்ட்டு ஹால் மாடியில, அவங்க கணக்குல செகண்ட் ஃப்ளோர், நமக்கு முதல் மாடி. 1925 ஜூலையில இங்கதான் ஸ்கோப்ஸ் கேஸ் நடந்துச்சு, மனுஷன் கீழ்நிலை உயிர்லேர்ந்து வந்தான்னு சட்டத்த மீறி பாடம் நடத்தினார்னு ஸ்கோப்ஸ்ங்கிற வாத்தியார் மேல கேஸ். சிகாகோ ரேடியோ ஸ்டேஷன் டபிள்யூஜிஎன் ஹாலுக்குள்ளயே மைக் வச்சு லைவா ஒலிபரப்புச்சு, அமெரிக்காவுல ஒரு கேஸ் விசாரணை அப்படி ரேடியோவுல போனது அதான் முதல் தடவை. கூட்டம்னா கூட்டம், கீழ் ரூம் சீலிங்ல விரிசல் விட்டுருச்சுன்னு பேச்சு, வெக்கை வேற தாங்கல, ஜூலை 20 அன்னைக்கு ஜட்ஜ் ரால்ஸ்டன் எல்லாரையும் வெளிய புல்வெளிக்கு கூட்டிட்டு போயிட்டார்.

அங்க சுவத்துல 'பைபிள் படியுங்கள்'னு ஒரு போர்டு, ஜூரி (குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொதுஜனக் குழு) கண்ணுல படுது எடுங்கன்னு வாத்தியார் தரப்பு வக்கீல் டேரோ சண்டை போட்டு எடுக்க வச்சார். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் பிரையனையே சாட்சியா கூப்ட்டு மரத்தடியில குடைஞ்சு எடுத்தார். இந்த கேஸ்னாலே எல்லாரும் சொல்றது இந்த சீனத்தான், ஆனா ஜூரிக்கு மட்டும் அதக் கேக்க அனுமதி இல்ல, மறுநாள் அந்த சாட்சியத்த ரெக்கார்டுலேர்ந்தே நீக்கியாச்சு. இந்த ஜூரி பாவம்தான் போங்க, விசாரணையில பாதிக்கு மேல அவங்கள வெளியதான் நிக்க வச்சாங்க, கடைசில 9 நிமிஷத்துல குற்றவாளின்னுட்டாங்க.

கட்டடம் இப்பவும் இருக்கு, அடித்தளத்துல மியூசியம், மாடி ஹால்ல பழைய ஜட்ஜ் மேசை கூட அப்படியே.

கேள்வி: அப்போ வாத்தியாருக்கு என்ன ஆச்சு?

பதில்: 100 டாலர் அபராதம். அத ஜட்ஜே போட்டுட்டார், 50 டாலருக்கு மேலன்னா ஜூரிதான் போடணும்னு அந்த மாநில சட்டம், 1927ல டென்னசி சுப்ரீம் கோர்ட் அதையே பிடிச்சுகிட்டு தீர்ப்ப ரத்து பண்ணிருச்சு.